முன் கதவுக்கு ஒரு வளையம்

வனஜா அன்ரி படியிறங்கிக் கீழே வந்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கிறவள் செத்தாளா இருக்கிறாளா என்று பார்க்க அவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

அன்றைக்கு நிரூபா வேலையால் வந்து, விரல்களைக் குளிர்தண்ணீருக்குள் பிடித்தபடி நின்றாள். கோடை முடிய முன்னரே முதலாளி றெஜினாவின் பட்டறையில் இலையுதிர்கால வளையங்கள் தொடங்கிவிடும். காய்ந்த கொடியை முறுக்கிக் கட்டிய வளையத்தில் துணிப் பூவையும் பிளாஸ்ரிக் இலையையும் குட்டிப் பூசணிக்காயையும் சுடுபசையால் ஒட்ட வேண்டும். வாங்குகிறவர்கள் வாசற்கதவில் கொழுவித் தொங்கவிடுவார்கள். பசை விரலில் பட்டால் உரிக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். றெஜினாவுக்குக் கொப்புளம் பிரச்சினையில்லை. கொப்புளம் உடைந்து பூவில் பட்டால்தான் பிரச்சினை.

"பிள்ளை, நீ செய்யிற வட்டம் ஒண்டு எனக்கும் வேணும். முன் கதவுக்கு. எதிர்வீட்டுக் கிளடிஸ் கொழுவியிருக்கிறாள், பாத்தனியே? அதைவிடப் பெரிசா வேணும்."

"கடையிலை விக்குது அன்ரி."

"கடையிலை விக்கிறது எனக்குத் தெரியாதே? கையிலை தொழிலை வைச்சுக்கொண்டு என்னைக் கடைக்கு அனுப்புறாய்." அன்ரி கட்டிலில் உட்கார்ந்தார். "மோன் தியாகு இந்த இடத்தை கொலிஜ் பெடியளுக்கு விடப்போறன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறான். குளிர் வரப்போகுது. பிள்ளையையும் இழுத்துக்கொண்டு எங்கை போவாய்? அங்கிள் ஆஸ்பத்திரியாலை வரட்டும், நான் கதைக்கிறன். நான் சொன்னா அவர் தட்டமாட்டார்."

நிரூபா தண்ணீரை நிறுத்தினாள். அவளுடைய புருசன் மொன்றியலில் இன்னொருத்தியோடு இருந்தான். வீடு தேடி யாருக்கு ஃபோன் எடுத்தாலும் முதல் கேள்வி 'அவர் என்ன வேலை?' என்பதுதான். இரண்டாவது கேள்வி வருவதில்லை. மகள் நிலக்சி இரண்டாம் வகுப்பு. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். இந்த வீடு போனால் எல்லாம் போகும்.

"செய்யிறன் அன்ரி" என்றாள்.

பட்டறையில் கழித்துப் போட்ட பூக்களைக் கெஞ்சி வாங்கி வந்தாள். செம்மஞ்சளும் கருஞ்சிவப்புமாகச் செவ்வந்திகள். பின்னேரங்களில் உட்கார்ந்து ஒட்டினாள். ஒவ்வொரு காம்பையும் கம்பியாலும் கட்டினாள், குளிரில் பசை வெடித்தாலும் பூ விழாமல் இருக்க. இடைக்கிடை அன்ரி வந்து பார்த்தார்.

"ரிபன் இல்லையே?"

"கிளடிஸின்ரையிலை இல்லை அன்ரி."

"அவளின்ரையிலை இல்லாதபடியாத்தான் கேக்கிறன். ரெண்டு வால் நல்ல நீட்டுக்குத் தொங்க வேணும்."

நீட்டுக்கே வைத்தாள். நாள் முழுக்க வளையம் செய்கிறவளுக்கு வளையம் கண்ணில் படாது, சாமான்தான் படும். ஊரில் இதே வட்டத்தை எங்கே கண்டாள், யாருடைய காலடியில் சாத்தி வைத்திருந்தது என்பதெல்லாம் அவளுக்கு நினைவு வரவில்லை. அன்ரிக்கோ எதிர்வீட்டுக் கதவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

சண்முகலிங்கம் அங்கிள் இருதய ஆப்பரேசன் முடிந்து வீடு வந்த பின்னேரம், அன்ரி நிரூபாவைக் கூப்பிட்டு வளையத்தைக் கொழுவச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் மேலை. ஆ, சரி. வரேக்கையே கண்ணிலை படவேணும்."

கண்ணில் பட்டது.

தியாகு காரால் இறக்கிவிட, அங்கிள், இருமினால் தையல் நோகாமல் அழுத்திப் பிடிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டித் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி நடைபாதையில் வந்தார். பாதி வழியில் நின்றார். காற்றில் ரிபன் வால்கள் ஆடின. ஊர்ச்சங்கச் செயலாளராக இருபது வருசம் இருந்தவர் அவர். ரொறன்ரோவில் ஊரவர் யார் செத்தாலும், சங்கத்தின் பெயர் எழுதிய ரிபனோடு மலர்வளையம் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான். அவருடைய கண் ரிபனில் எழுத்தைத் தேடியது.

"உது ஆருக்கு?" என்றார்.

அவர் கதவை நோக்கிக் கையை நீட்டினார்.

"செத்த வீட்டுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்? ஆர் உதைக் கொழுவினது?"

"டாட், இற்ஸ் ஜஸ்ற் எ டெக்கரேஷன்" என்றான் தியாகு.

"நீ பொத்து வாயை!"

வனஜா அன்ரியின் முகம் வெளுத்தது ஒரு கணம்தான். "எனக்கென்னப்பா தெரியும்? நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓடித் திரிஞ்சனான். கீழை இருக்கிறவள்தான் கொண்டுவந்து கொழுவினவள். நானும் இப்பத்தான் காணுறன்."

சொல்லிவிட்டு நிரூபாவைப் பார்த்தார். விடு, பிறகு பார்ப்பம் என்கிற பார்வை. நிரூபா கணக்குப் பார்த்தாள். இப்போது மறுத்தால் அன்ரி எதிரி. பழியை ஏற்றால் அன்ரி தனக்காகக் கதைத்தே தீர வேண்டும்.

"ஓம் அங்கிள், நான்தான். வடிவா இருக்கும் எண்டு நினைச்சன்."

"வடிவு! நெஞ்சைப் பிளந்து தைச்சுக்கொண்டு வாறன், வாசல்லை வளையம் வடிவோ? கழட்டு. என்ரை கண்ணுக்கு முன்னாலை பிய். ஒரு பூ மிஞ்சக்கூடாது. அதுக்குப் பிறகுதான் உள்ளுக்கை வருவன்."

பிய்த்தாள். பூ வரவில்லை. அவள் கட்டிய கட்டு அப்படி. கம்பி விரலைக் கிழித்தது, கொப்புளங்கள் உடைந்தன. எதிர்வீட்டுக் கிளடிஸ் வெளியே வந்து நின்று பார்த்தாள். கொடிவளையம் வெறுமையாகும் வரைக்கும் அங்கிள் தலையணையை அணைத்தபடி நின்றார். கடைசி இதழையும் பொறுக்கச் சொன்ன பிறகுதான் வாசற்படியில் கால் வைத்தார்.

"கையைக் கழுவு பிள்ளை, நிலமெல்லாம் ரத்தம்" என்றார் அன்ரி.

அடுத்த நாள் தியாகு பக்கக் கதவைத் தட்டி, மாத முடிவோடு வீட்டை விட்டு எழும்பச் சொன்னான். முகத்தைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். நிரூபா பயப்படவில்லை. அன்ரி வருவார் என்று இருந்தாள். மேலே அன்ரியின் கால்சத்தம் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தது. கீழே இறங்கவேயில்லை. இவள் அன்ரிக்கு ஃபோன் எடுத்தால் அடித்தடித்து ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை அன்ரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நிரூபா மேலே ஏறினாள். அங்கிள் சாய்கதிரையில் கிடந்தார்.

"அங்கிள், அண்டைக்கு நான் பொய் சொன்னனான். நானா ஒண்டும் கொழுவேல்லை. அன்ரிதான் செய்யச் சொல்லிக் கேட்டவ. ரிபனும் அவதான் கேட்டவ."

"தெரியும்" என்றார் அவர்.

நிரூபாவுக்கு விளங்கவில்லை.

"வாசல்லையே தெரியும் பிள்ளை. என்ரை முன் கதவிலை உனக்கென்ன வேலை? நீ அதாலை வந்ததே இல்லையே."

"அப்ப என்னை ஏன் எழும்பச் சொல்லுறியள்?"

அங்கிள் தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு மெல்ல இருமினார். இருமல் அடங்க நேரம் எடுத்தது.

"சகுனம் பிழைச்சுப் போச்சு. கண்ணை மூடினா அந்த வளையம்தான் தெரியுது. அதைக் கொழுவின ஆள் வீட்டை விட்டுப் போனாத்தான் எனக்கு நித்திரை வரும். வனஜாவை அனுப்பேலுமோ சொல்லு? மருந்து தாறது ஆர்? சோறு தாறது ஆர்? நீதானே எல்லாருக்கும் முன்னாலை நான்தான் எண்டு ஒத்துக்கொண்டனீ."

"எனக்குப் போக இடமில்லை அங்கிள். பிள்ளை பள்ளிக்கூடம்..."

"இஞ்சை ஆரும் றோட்டிலை கிடக்கிறேல்லை. அரசாங்கம் பாக்கும்."

அவர் கண்ணை மூடினார். அவள் திரும்பிக் கதவடிக்குப் போன பிறகு கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த ரீவி ரிமோட் கீழை விழுந்திட்டுது. எனக்குக் குனியேலாது. ஒருக்கா எடுத்துத் தந்திட்டுப் போ."

எடுத்துக் கொடுத்தாள்.