கிள்ளுக்குக் கணக்கில்லை

...அதைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும், நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே, கை மட்டும்தானே போய்வந்தது, டப்பாவுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா, அந்த ஒரு சாணுக்குள் என்ன பெரிய குற்றம் நடந்துவிடும் என்று கேரட்டின் தோலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டேன். கேரட்டுக்கு இதில் அபிப்பிராயம் இல்லை. தோல் சுருள் சுருளாகத் தொட்டிக்குள் விழுந்தது. முன்னறையில் என் மனைவி நாற்காலியை இழுக்கும் சத்தம், பிறகு கையில் பட்டையைச் சுற்றும் சரசரப்பு, பிறகு அந்த மெஷின் மூச்சுப் பிடிக்கும் உறுமல்... காலையிலிருந்து இதே வேலை. "இப்பவும் பிரஷர் இறங்கலைங்க," என்றாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்றும் இருக்கிறது, அப்படி ஒரு குரல். "மெஷின் சரியில்ல," என்றேன். நேற்று அந்த அப்பாவி மெஷினைத் திட்டியிருக்கிறேன், பேட்டரியை மாற்றியிருக்கிறேன், முதுகில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறேன், அது பேசாமல் வாங்கிக்கொண்டு மறுபடி அதே எண்ணைத்தான் காட்டியது, நேர்மையான மெஷின், இந்தச் சமையலறையில் நிற்கிற ஆளுக்கு இல்லாத குணம். சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். இறங்கவில்லையென்றால் இரண்டாவது மாத்திரை, அதைப் போன தடவையே சொல்லிவிட்டார். அந்த மாத்திரையை எங்களுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை அதைச் சாப்பிட்ட நாட்களில்தான் குளியலறையில் தலைசுற்றி விழுந்தாள், நான் கதவுக்கு வெளியே நின்று, "என்ன விழுந்துச்சு, வாளியா?" என்று கேட்டேன், உள்ளேயிருந்து, "இல்ல, நான்தான்," என்றாள். அந்த "நான்தான்"... வேண்டாம், கேரட்டைப் பார், விரலை நறுக்கிக்கொள்ளாதே.

டாக்டரம்மா என்ன பெரிதாகக் கேட்டார்? கொஞ்ச நாளைக்குப் பாக்கெட்டில் வருவது வேண்டாம், டப்பாவில் வருவது வேண்டாம், செடியிலும் மரத்திலும் மண்ணிலும் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே சாப்பிடுங்கள், உப்பை மறந்துவிடுங்கள், அவ்வளவுதானே. என்னைப் பார்த்து, "நீங்களும் கூடச் சாப்பிடுங்க சார், தனியா சாப்பிட்டா அவங்களுக்கு விட்டுப்போயிடும்," என்றார். நான் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ராணுவத்தில் சேருகிறவன் மாதிரித் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் இவள் சொன்னாள், "என் கை சும்மா இருக்காதுங்க, அது பாட்டுக்கு உப்பு ஜாடிக்குப் போயிடும், இத்தனை வருஷப் பழக்கம். சமையலை நீங்க பாத்துக்கங்க." தன் கையை நம்ப முடியாது என்று என் கையை நம்பினாள். யாருடைய கையை? வாழ்நாள் முழுக்க எந்தப் பண்டத்தையும் அதன் பாட்டுக்கு விட்டுவைக்காத கையை. தின்பண்டத் தொழிற்சாலையில் சுவை கலக்குகிற ஆளாக இருந்தவன் நான், அங்கே எனக்கு மூக்கர் என்று பெயர், சொந்தப் பெயர் சம்பளத்தன்றுதான் வெளியே வரும். நான் செய்த கோழி வாசனைப் பொடிக்குள் ஒரு கோழி இறகு கூடப் போனது கிடையாது, ஆனால் அதைக் கலக்குகிற நாட்களில் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் வாசலில் வரிசையில் நிற்கும், முந்தி வந்தது முன்னால், பிந்தி வந்தது பின்னால், வாட்ச்மேன்தான் ஒழுங்குபடுத்துவார். ஒருமுறை மாம்பழ எசன்ஸ் புட்டி கைதவறி உடைந்தது. பக்கத்துத் தோப்பு மாமரங்கள் அந்த வருஷம் காய்க்கவில்லை. அவமானம்தான், வேறென்ன காரணம் இருக்க முடியும். இப்படிப்பட்டவனிடம் ஒரு வெறும் கேரட்டைக் கொடுத்து, இதை ஒன்றும் செய்துவிடாதே என்றால்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தராசில் வைக்கிற அளவுக்கு இருப்பதுதான் சரக்கு. இரண்டு விரலுக்குள் அடங்குவது சரக்கில் சேராது, அதற்குக் கணக்குக் கிடையாது, அதைக் "கை" என்போம். மூக்கர் கை போட்டாரா என்று கேட்பார்கள், போட்டார் என்றால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல்நாள் நான் போட்டபோது, சத்தியமாக, எதையும் போட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்னால், வெறும் காய் ஆரம்பித்த அன்று, அவள் வெந்த பூசணியை வாயில் வைத்தாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், பிறகு கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, "பசி இல்லைங்க," என்றாள். மறுநாளும் பசி இல்லை. அதற்கடுத்த நாள் கன்னம் உள்ளே போனது போல எனக்குத் தோன்றியது. மெலிந்துபோவாளே என்று பயந்துதான் போட்டேன்... பயந்துதானா? இல்லை, நீ ஏன் போட்டாய் என்று உனக்கே தெரியும், கிழவா. அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாளே, "நல்லா இருக்கே, எப்படிச் செஞ்சீங்க?" என்றாளே, அதற்காகத்தான் அடுத்த நாள் போட்டாய். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை நான் பாராட்டியிருக்கிறேன், அல்லது பாராட்டாமல் இருந்திருக்கிறேன், என்னை யார் பாராட்டினார்கள்? "தீயைக் குறைச்சு வச்சேன்," என்றேன். "அவ்வளவுதானா?" "அவ்வளவேதான். காய்க்குள்ளயே எல்லாம் இருக்கு, நாமதான் அவசரப்பட்டுத் துரத்திடறோம்." அதைத் தன் அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா தீயைக் குறைத்து வேகவைத்துப் பார்த்துவிட்டு, சவசவவென்று இருக்கிறது, தீயை எவ்வளவு குறைப்பது என்று கேட்டார். நான் போனை வாங்கி விளக்கம் கொடுத்தேன். நீலமாக எரிய வேண்டும், ஆனால் நீலமாக எரிவது அதற்கே தெரியக்கூடாது என்றேன். பாவம், அந்த அம்மா இன்னும் அடுப்புக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கிள்ளு கிள்ளாகவே இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் நாக்கு பழகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா, நாக்கு பழகப் பழகக் கூட்டிப்போடு என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே... இரண்டு விரல் மூன்று விரலானது, மூன்று விரல் குழிந்த உள்ளங்கையானது. அந்தப் பொடி என் சொந்தக் கலவை. பூண்டும் வெங்காயமும் பேருக்கு, மற்றபடி உப்பும், உப்பின் அண்ணன் தம்பிகளும், ஒன்றுவிட்ட சித்தப்பாக்களும், ஒரே குடும்பம். ஸ்பேனர் பெட்டியில் திருகாணிகளுக்கு அடியில் டப்பாவை வைத்திருந்தேன், அவள் கை வைக்காத ஒரே இடம் அதுதான். ஆகவே தினமும் சமைக்கும் நேரத்தில் ஸ்பேனர் பெட்டி சமையலறைக்கு வர வேண்டியிருந்தது, அதற்குக் குழாய் ஒழுக வேண்டியிருந்தது. "இன்னிக்குமா?" என்பாள். "வாஷர் தேஞ்சிருக்கு," என்பேன். "கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் குழாயை இப்பத்தான் கண்ணெடுத்துப் பாக்கறீங்க," என்று சிரித்தாள் ஒருநாள். நானும் சிரித்தேன். பின்னால் திரும்பி உள்ளங்கையைக் குழித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான்... அவள் என்னை நம்பிச் சிரித்த வாய்க்குள்ளேயே அதை அனுப்பினேனே, ஒரு எதிரி கூட முகத்தைப் பார்க்காமல்தானே செய்வான்.

இன்று பெட்டி வந்தது, டப்பாவையும் எடுத்தேன், ஆனால் பாத்திரத்தில் போடவில்லை. தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதை முதலில் தெரிந்துகொண்டது மூக்குதான், தண்ணீர் பட்டதும் அந்தப் பொடி என் வாழ்நாள் வித்தையையெல்லாம் ஒரே மூச்சில் காட்டியது, ஆயிரம் கோழி ஒன்றாக எழுந்து நின்றது போல வாசனை. "என்னங்க வாசனை அது?" என்று முன்னறையிலிருந்து கேட்டாள். சொல்லியிருக்கலாம். கதவுக்கு அப்பால் இருந்தாள், முகம் தெரியவில்லை, முகம் தெரியாதபோது சொல்வது எவ்வளவு சுலபம். "பக்கத்து வீட்டுல ஏதோ வறுக்கறாங்க," என்றேன். பக்கத்து வீட்டில் போன மாதமே காலி செய்துவிட்டார்கள், பூட்டு தொங்குகிறது, அவள்தான் எனக்கு அதைச் சொன்னாள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? என்ன யோசித்துக்கொண்டிருக்கிறாள்? காலையிலிருந்தே ஒரு மாதிரி... இறங்காததைப் பற்றித்தான் யோசிப்பாள், உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று. இத்தனை கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் இறங்கவில்லையென்றால் வேறென்ன நினைக்கத் தோன்றும். சொல்லிவிடு. சாப்பிடும்போது சொல்லிவிடு. டாக்டரம்மாவுக்கும் தெரிந்தால்தானே மாத்திரையைக் கூட்டாமல் இருப்பார், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பார், அவளும் விழமாட்டாள். எப்படி ஆரம்பிப்பது? "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அது போதும், கதவு திறந்துவிடும், மீதி தானே வரும். கேரட் வெந்தது, பீன்ஸ் வெந்தது, முட்டையை உரித்தேன். தீயைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன், அந்த ஒன்றாவது இன்று உண்மையாக இருக்கட்டும் என்று.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் ஒரு துண்டை வாயில் வைத்தேன். ஒன்றுமே இல்லை... சூடு இருந்தது, மென்மை இருந்தது, அதற்கு மேல் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போனது மாதிரி. தொண்டை இறக்கமாட்டேன் என்றது. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள், இன்னொரு வாய், கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். கண்டுபிடித்துவிட்டாள், நாக்குக்குத் தெரிந்துவிட்டது, நேற்றுவரை இருந்தது இன்று இல்லையென்றால் என்ன இருந்தது என்று கேட்கப்போகிறாள். நல்லதுதான், கேட்கட்டும், கேட்டால் பாதி வேலை முடிந்தது. நான் வாக்கியத்தை நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். "ஏங்க," என்றாள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

என் வாக்கியத்தை எடுத்துக்கொண்டாள். "அன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்ல," என்றாள், மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டே. "பிஸ்கட் வச்சா. நடுவுல கிரீம் வச்சது. வேணாம்னுதான் சொன்னேன், அப்புறம் அவ உள்ள போன நேரத்துல எடுத்துச் சாப்பிட்டுட்டேன். அன்னிலேருந்துதாங்க இறங்கமாட்டேங்குது. நீங்க தினமும் நின்னு நின்னு இவ்வளவு பாடுபட்டுச் செய்றீங்க, நானானா திருட்டுத்தனமா... உங்க மூஞ்சியப் பாத்துச் சாப்பிடவே முடியல. சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிடறேன், இவர் சமையல்ல ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் என் வாய்தான்னு. ரெண்டாவது மாத்திரை குடுத்தா குடுக்கட்டும். வாய் பண்ணின தப்புக்குத் தலை சுத்தட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புறங்கையால்.

இப்போது சொல்ல வேண்டும். இல்லை, அது பிஸ்கட் இல்லை, ஒரு பிஸ்கட் என்ன செய்துவிடும், அது நான்தான் என்று. இரண்டே வார்த்தை, குளியலறைக்குள்ளிருந்து அவள் சொன்ன அதே மாதிரி. சொல்லத்தான் வாயைத் திறந்தேன், என்னை நம்பலாம், சொல்லத்தான் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "எத்தனை?" என்று கேட்டேன். அதுவும் எப்படிப்பட்ட குரலில், நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பாரே, அந்தக் குரலில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணரை," என்றாள். "மீதி அரைய அக்கா பேத்தி வாங்கிக்கிட்டா."

நான் பெருமூச்சு விட்டேன், நடிப்பில்லை, தானாக வந்தது, இந்த உலகத்தின் பலவீனங்களையெல்லாம் பார்த்துவிட்ட ஒரு பெரியவர் விடுவது போல. "சரி, விடு," என்றேன். "மனுஷங்கதானே. இனிமே பாத்துக்க." அவள் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே, நெற்றியின் சுருக்கம் ஒவ்வொன்றாகப் போனது, "கோவமில்லையே?" என்றாள், "இல்ல," என்றேன், கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தட்டிக்கொடுக்கக்கூடச் செய்தேன், மெஷினின் பட்டை அழுத்திய தடம் மேலே முழங்கைக்குப் பக்கத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி போலிருந்தது. இப்போது சொன்னால் இந்தச் சாப்பாடு நின்றுவிடும், அப்புறம் சொல்லலாம், சாயங்காலம் கிளம்பும்போது, அல்லது டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, அல்லது உள்ளே, அவர் பேனாவை எடுப்பதற்கு முன்னால்... எடுத்துவிட்டால்? எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகுமே, அதற்குள்... இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. கேரட் இல்லை, பீன்ஸ் இல்லை, தொண்டையில் இறங்காத அந்த வெறும் காய் முழுவதும் எப்போதோ இறங்கியிருந்தது, உப்பில்லை என்பது நினைவுக்கே வரவில்லை, நாக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் பசித்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று அவள் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திக் கேட்டாள், கடன்பட்டவள் மாதிரி. நான் தட்டை நீட்டினேன்.