பம்பு நின்ற நாள்

காப்புக்காட்டின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி நூலகரிடம் கேட்டிருந்தார்கள். நாற்பது ஏக்கர் காடு, நடுவே ஆழமான குளம். பழைய கல்குவாரி முதலாளியின் மகள், பல் டாக்டர், அதை ஊருக்கே தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

நூலகரின் மாமனார் அந்தக் குவாரியில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓட்டியவர். தானச் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயில் எழுந்துவிடுவார். ஒழுகாத குழாயைத் திருகித் திருகி இறுக்குவார்.

"மாமா, கொஞ்சம் உட்காருங்களேன். எழுதினதை வாசிக்கிறேன்" என்றாள் அவள். "இயற்கைமேல் கொண்ட பாசத்தால் முதலாளி குவாரியை மூடி..."

"பாசமாவது ஒண்ணாவது! அதை அடிச்சிடு."

நின்றுகொண்டேதான் சொன்னார். நாற்பத்தேழு வருடங்களுக்கு முன் குவாரியின் ஒரு பக்கம் சரிந்தது. கீழே வெடிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த அவருடைய சிநேகிதன் பாறைகளுக்கு அடியில் போய்விட்டான். ஐந்து நாள் தோண்டினார்கள். ஆறாம் நாள் எதிர்ப் பக்கமும் விரிசல் விட்டது. எல்லோரையும் மேலே வரச் சொன்ன முதலாளி, பம்பையும் நிறுத்தச் சொன்னார்.

"நான்தான் நிறுத்தினேன். ஒரு வாரத்துல தண்ணி மேல வந்துடுச்சு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இது யாருக்குமே தெரியாதா?"

"அவன் வேலையை விட்டுட்டு எங்கேயோ ஓடிட்டான்னு எழுதி, எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. போடலைன்னா வேலை இல்லைன்னாங்க. போட்டோம். அடுத்த மாசமே குவாரியையும் மூடிட்டாங்க."

அன்று மாலையே இருவரும் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள். கடைசி நோயாளி கிளம்பும்வரை பெரியவர் வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். புதிதாக எழுதிய பக்கத்தைப் படித்த டாக்டர், கையுறையைக் கழற்ற மறந்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"எத்தனையோ பேர் கேட்டும் அப்பா அந்த இடத்தை விக்கவே இல்லை. காட்டுமேல அவ்வளவு ஆசைன்னு நினைச்சேன். இதைப் போட்டா எங்கப்பா ஆளைக் கொன்னுட்டார்னுதானே பேசுவாங்க?"

"பம்பை நிறுத்தச் சொன்னது தப்பில்லைம்மா. இன்னும் தோண்டியிருந்தா கீழே இருந்த நாங்க ஆறு பேரும் போயிருப்போம்" என்றார் பெரியவர். "ஓடிட்டான்னு சொன்னோம் பாருங்க, அதுதான் தப்பு. அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட ஊரை விட்டே போயிட்டா."

டாக்டர் ஜன்னல் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார்.

"அந்தக் குழந்தை இப்ப எங்கே?"

"பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

மருமகள் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு இது தெரியாது. டாக்டர் போனை எடுத்தார். எண்ணைக் கேட்காமலே போனைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க. அப்படியே அச்சுக்குக் கொடுங்க. அவங்ககிட்ட நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

ஞாயிறு காலை, நாற்காலிகள் நிரம்புவதற்கு முன்பே நர்ஸ் வந்துவிட்டாள். கையில் அச்சடித்த அந்தப் பக்கம் நான்காக மடிந்திருந்தது. நேரே பெரியவரிடம் வந்தாள்.

"எந்த இடம்?"

குளக்கரை வரை அழைத்துப் போய்க் கையைக் காட்டினார். தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடந்தது.

"அவர் ஓடலையா?"

"இல்லைம்மா."

"எங்கம்மா சாகிற வரைக்கும் அவரைத் திட்டிட்டே இருந்தாங்க. நானும்தான் திட்டினேன்." பக்கத்தைப் பிரித்தாள், மடித்தாள். "கையெழுத்துப் போட்டவங்க எத்தனை பேரு?"

"பதினொரு பேரு. இப்ப மிச்சம் நான் ஒருத்தன்தான்."

"அப்ப நான் உங்களைத்தான் திட்டணும்."

"திட்டும்மா. அதுக்குத்தான் நிக்கிறேன்."

அவள் குளத்தின் பக்கம் திரும்பினாள். பின்னால் ஒலிபெருக்கி கரகரத்து, எல்லோரையும் வந்து உட்காரச் சொன்னது. சற்றுத் தள்ளி நின்ற மருமகள் கூப்பிட வாயெடுத்துவிட்டு, கூப்பிடாமல் நின்றாள்.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எண்பது அடி."

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் விளிம்பு வரை இன்னும் இரண்டடி முன்னால் போனாள். பெரியவரும் கூடவே போனார்.