கதவுத் தேர்வு

ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரண்டு வாரம் ப்ரூக்னர் ஹால் என்ற கல்லூரி விடுதியில் மாணவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கதவைத் திறந்தால் ஒருத்தி தேம்பிக்கொண்டிருப்பாள். அடுத்த அறையில் ஒருவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் தள்ளாடுவான். அதற்கும் அடுத்த அறையில் இரண்டு பேர் ஒரே ஒரு மின்விசிறிக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டரை ஆனதும் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீட்சா தின்னக் கீழே இறங்குவார்கள். விடுதி நிர்வாகம் இதற்குக் கதவுத் தேர்வு என்று பெயர் வைத்திருந்தது.

விடுதியில் மாடிக்கு ஒரு மூத்த மாணவரை ஆர்.ஏ. என்று நியமிப்பது வழக்கம். நாற்பது பிள்ளைகளின் சண்டை, காய்ச்சல், தொலைந்த சாவி, தடைசெய்யப்பட்ட மெழுகுவத்தி எல்லாம் அவர் தலையில். அதற்கு ஈடாகத் தனி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம். ஆர்.ஏ. ஆக வேண்டுமானால் முதலில் பழைய ஆர்.ஏ.க்கள் கதவுக்குப் பின்னால் நடித்துக்காட்டும் துன்பங்களைச் சமாளித்துக் காட்ட வேண்டும். நிஜத் துன்பம் செப்டம்பரில் வரும். அதற்குத் தேர்வு கிடையாது.

டெலனி வோஸ்லருக்கு அந்த அறை கட்டாயம் வேண்டும். அவள் அப்பா வசந்தகாலத்தில் பன்றிப் பண்ணையை விற்றுவிட்டு, அம்மாவோடு அத்தை வீட்டு மேலறைக்குக் குடிபோய்விட்டார். "முதல் வருஷம் என்னால ஆனத கட்டிட்டேன். இனிமே நீதாம்மா பாத்துக்கணும்" என்று போனில் சொன்னார். அந்த மேலறையில் அம்மாவின் தையல் மெஷினை வைப்பதற்கே இடம் இல்லை. அறை கிடைக்காவிட்டால் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இது டெலனிக்குத் தெரியும். அதனால்தான் புதன்கிழமை முதல் முயற்சியில் அவள் தோற்றது அவ்வளவு வலித்தது.

தோற்ற கதையும் வேடிக்கைதான். வீட்டு ஏக்கத்தில் அழும் பெண்ணாக ஒருத்தி நடித்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, "எனக்கு எங்கம்மாவப் பாக்கணும்" என்று கதறினாள். டெலனி பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஊர்?" என்று கேட்டாள். அவள் ஊர் பெயரைச் சொன்னாள். "பஸ்ஸுல மூணு மணி நேரம்தான? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறு, ஞாயித்துக்கிழமை திரும்பிடு" என்றாள் டெலனி. நடித்துக்கொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அட, ஆமால்ல?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்த டாக்டர் லினெட் ஸ்டாட்லர் பேனாவை மூடினாள். விடுதிகளின் துணை இயக்குநர். மனிதர்களின் துயரத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையாக அச்சடித்து, எல்லார் கழுத்திலும் தொங்கவிட்டவள் அவள்தான். தட்டு, பெயர் சொல், கேள், திருப்பிச் சொல், ஒப்படை.

"நீ அவ பிரச்சினையத் தீத்துட்ட, டெலனி" என்றாள்.

"அது தப்பா?"

"நாம தீக்கறதில்ல. நாம கூட இருக்கோம். அப்புறம் ஆலோசனை மையத்துக்கு அனுப்பறோம். நீ யாரு, பஸ் கம்பெனியா?"

இரண்டு காரியம் செய்தால் தோல்விதான். ஒன்று, பிரச்சினையைத் தீர்ப்பது. மற்றது, காட்சியை விட்டு வெளியே வருவது. போன வருடம் ஒருவன், அழுதுகொண்டிருந்தவனைப் பார்த்து, "டேய், நீ நாடகக் கிளப்புல இருக்கியே, உன்னைத் தெரியும்டா" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அந்த விதி. டெலனிக்கு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். தேறினால் அன்று ஐந்து மணிக்குள் கீழே கையெழுத்துப் போட்டு அறைச் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் கண்ணாடி முன் நின்று, "நீ சொல்றது எனக்குக் கேக்குது" என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். பண்ணையில் ஒரு பன்றி தீனி தின்னாமல் ஒதுங்கி நின்றால் என்ன ஏது என்று போய்ப் பார்க்கிற வீட்டில் பிறந்தவள். நின்ற இடத்தில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டுவதற்கு அவள் மிகவும் சிரமப்பட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை இன்னொரு சிக்கல். வீட்டு ஏக்கப் பெண் மதியம் தின்ற பீட்சா ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக விடுதி மேலாளர் வெண்டல் ஹூப்பர் நடிக்க ஒப்புக்கொண்டார். வெண்டலுக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு, தலையில் பாதி முடி. பதினேழு வருடமாக ப்ரூக்னர் ஹாலின் தரைத்தளத்தில் மனைவி நோரீனோடு குடியிருக்கிறார். கழிவறை அடைத்துக்கொண்டால் ஆளுக்குச் சொல்லி அனுப்பாமல் தானே போய் இறங்குகிற மனிதர். அவர் பதினெட்டு வயதுப் பிள்ளையாகி அம்மாவுக்காக அழ வேண்டும். நிர்வாகத்தில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை, அட்டவணையில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

நாலரை மணிக்கு டெலனி கதவைத் தட்டினாள். "நான் டெலனி. இந்த மாடி ஆர்.ஏ. உள்ள வரலாமா?" இரண்டு படி முடிந்தது. மூலை நாற்காலியில் லினெட் தாளில் இரண்டு குறி போட்டாள்.

வெண்டல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன். கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் டெலனி.

"போகச் சொல்லிட்டாங்க" என்றார்.

லினெட் தாளைப் பார்த்தாள். காட்சியில் அப்படி ஒரு வரி இல்லை.

"யாரு?"

"பதினேழு வருஷம். பதினஞ்சாந்தேதிக்குள்ள காலி பண்ணணுமாம். நோரீன் நேத்துதான் சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சா. இன்னும் காயக்கூட இல்ல."

"வெண்டல்," லினெட் மெல்லிய குரலில் எடுத்துக்கொடுத்தாள், "நீங்க முதல் வருஷப் பையன். பதினேழு வருஷம்லாம் பொருந்தாது. அம்மாவச் சொல்லுங்க, அம்மாவ."

வெண்டல் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. லினெட் தாளில் எதையோ எழுதினாள். அவள் கையெழுத்து பெரியது, டெலனிக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. 'நடிப்பு: நம்பும்படி இல்லை.'

டெலனி நாலாம் படியைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழு வருஷமா இங்க இருக்கறதா சொல்றீங்க."

"ஆமா."

"காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு சொல்றீங்க."

"அதத்தான சொல்றேன்."

"சமையலறைல பெயின்ட் காயலன்னு சொல்றீங்க."

வெண்டல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அழுத எத்தனையோ பேரை இந்த ஒரு வாரத்தில் அவள் பார்த்துவிட்டாள். எவ்வளவு கதறினாலும் எல்லாரும் ஒரு தடவையாவது ஓரக்கண்ணால் மூலையில் இருக்கும் மதிப்பெண் தாளைப் பார்ப்பார்கள். வெண்டல் பார்க்கவில்லை. இந்த அறையில் லினெட் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. ஆலோசனை மையத்தின் நேரத்தைச் சொல்லிவிட்டு எழுந்தால் சாவி அவள் கையில்.

"வெண்டல்," என்றாள் டெலனி, "மத்தியானம் சாப்டீங்களா?"

"டெலனி," என்றாள் லினெட். "காட்சிக்குள்ள இரு."

"இது காட்சி இல்ல, டாக்டர் ஸ்டாட்லர்."

"இது முதல் எச்சரிக்கை. ரெண்டாவது கிடையாது."

டெலனி கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் படிக்கலாமா?" என்று கையை நீட்டினாள். வெண்டல் போனைக் கொடுத்தார். மின்னஞ்சல் நாலு இருபதுக்கு வந்திருந்தது. அவள் சத்தமாகவே படித்தாள். மாறிவரும் மாணவர் தேவைகளை முன்னிட்டு மூன்று விடுதிகளுக்கும் ஒரே மேலாளர் என்று முடிவாகியிருக்கிறது, தங்களது நெடுங்காலச் சேவையை இந்த அலுவலகம் மனதாரக் கொண்டாடுகிறது, குடியிருப்பைப் பதினைந்தாம் தேதி நண்பகலுக்குள் சுத்தம் செய்து ஒப்படைக்கவும், சுவரில் ஆணித்துளை இருக்கக் கூடாது.

"அன்புடன்," என்று கடைசி வரியைப் படித்தாள், "டாக்டர் லினெட் ஸ்டாட்லர், துணை இயக்குநர்."

லினெட்டின் முகம் வெளுத்தது. பாவம், அவளுக்கும் அதிர்ச்சிதான். ஆனால் வேறு காரணத்துக்கு.

"அது திங்கக்கிழமைல்ல போகணும்!" என்றாள். "நேர்ல பேசி, ஆறுதல் பை குடுத்துட்டு, அப்புறம்தான் அனுப்பறது. யாரு அத வெள்ளிக்கிழமைன்னு போட்டு வச்சது?"

"ஆறுதல் பைல என்ன இருக்கும்?" என்று கேட்டார் வெண்டல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல.

"கையில வச்சு அமுக்கற பந்து ஒண்ணு. ஒரு டீ பாக்கெட்." லினெட் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, கழுத்து அட்டையைத் தொட்டுக்கொண்டாள். "வெண்டல். நீங்க ரொம்ப வருத்தத்துல இருக்கீங்கன்னு எனக்குக் கேக்குது."

வெண்டல் சிரித்துவிட்டார். அது நல்ல சிரிப்பாக இல்லை. "நோரீன்கிட்ட நான் என்ன சொல்லட்டும், லினெட்?"

அட்டையில் அதற்குப் படி இல்லை. லினெட் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மடியில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது. அதிகாரிகளுக்கு ஒரு படிவத்தைப் பார்த்தால் வருகிற தெளிவு அது.

"டெலனி, இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றாள். "கடைசிக் கேள்வி என்னன்னா, 'காட்சி முழுவதும் நடிப்பா?' இல்லைன்னு போட்டா, பணியாளர் ஒருத்தர் விடுதிக்குள்ள மனம் ஒடைஞ்ச நிலையில காணப்பட்டார்னு நான் சம்பவ அறிக்கை எழுதணும். டீன் வரைக்கும் போகும். தேர்வும் செல்லாது. மறுதேர்வு அடுத்த ஆகஸ்ட்ல."

"ஆமான்னு போட்டா?"

"ஆமான்னு போட்டா இது அருமையான காட்சி. நீயும் அருமையா செஞ்ச. காட்சிய விட்டு வெளியவே வரல. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

அந்த ஒரு வாரமாக டெலனி விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தாள். சம்பவ அறிக்கை டீனிடம் போனால் விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரைக் குடியிருப்பிலிருந்து அசைக்க முடியாது. விசாரணை என்றால் கிறிஸ்துமஸ்வரை இழுக்கும். இது வெண்டலுக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். லினெட்டுக்கும் தெரியும்.

டெலனி வெண்டலைப் பார்த்தாள். போடாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தானாக முடிவெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

"உனக்கு வேற எடம் இருக்கா?" என்று கேட்டார் வெண்டல்.

"இல்ல."

"எனக்கு நோரீனோட அக்கா வீடு இருக்கு. நாய்க்குத்தான் அங்க எடமில்ல." அவர் லினெட்டின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். "போட்டுடும்மா. ரெண்டு பேரும் தெருவுல நின்னு யாருக்கு என்ன ஆகப்போகுது?"

'நடித்தவர்' என்ற கட்டத்தில் அவர் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் கொடுத்தார். டெலனி கையெழுத்துப் போட்டாள். அவர் மனம் மாறுவதற்குள் போட்டு முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் தன் பெயரில் பாதி எழுத்தை விழுங்கிவிட்டாள். அந்த அவசரத்தை நினைத்தால் அவளுக்குப் பல வருடங்களுக்குப் பிறகும் காது சுடும்.

லினெட் தாளைத் திருப்பி, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, 'நடிப்பு: மிகச் சிறப்பு' என்று எழுதினாள். எழுந்து டெலனியை ஒருமுறை அணைத்துக்கொண்டாள். "வாழ்த்துகள். நீ நல்ல ஆர்.ஏ.வா வருவ, எனக்குத் தெரியுது" என்றாள். பிறகு வெண்டல் பக்கம் திரும்பினாள். "இன்னும் நாலு பேர் பாக்கி. உங்களால முடியுமா? முடியலன்னா சொல்லிடுங்க, கட்டாயம் இல்ல."

வெண்டல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "எதாவது வேலை இருந்தா நல்லதுதான்" என்றார்.

வெளியே சுவரில் சாய்ந்தபடி அடுத்தவன் நின்றுகொண்டிருந்தான். கோல்ட்டன் என்று ஒரு ஒல்லிப் பையன். நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவழைத்திருந்தான்.

"எப்படி இருந்துச்சு? பாஸா?"

"ம்."

"உள்ள ஹூப்பர்தான? நல்லா நடிக்கறாரா?"

டெலனிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் எந்தக் காகிதம் கிழியும் என்பதும் தெரிந்திருந்தது.

"நல்லா நடிக்கறார்" என்றாள். "நீ எதையும் தீத்து வக்கப் பாக்காத. தலைய மட்டும் ஆட்டு."

கோல்ட்டன் தட்டினான், பெயர் சொன்னான், உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து வெண்டலின் குரல் தடங்கல் இல்லாமல், காட்சியில் எழுதியிருந்தபடியே வந்தது: "எனக்கு வீட்டுக்குப் போகணும்." கொஞ்சம் பொறுத்து லினெட்டின் குரல், "இதுதான் வெண்டல், இப்பதான் நம்பற மாதிரி இருக்கு" என்றது.

டெலனி படியிறங்கினாள். மணி நாலே முக்கால். சாவி கொடுக்கிற மேஜையை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.