பின்னால் கேட்ட கேள்வி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் முதலில் எழுதியது விபத்தைத்தான். பூந்தமல்லி சாலையில் லாரி மோதி செல்வகுமார் இறந்தான் என்று திங்கட்கிழமை எழுதினேன். காரணம் ஒன்று வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை அந்த வாக்கியத்துக்கு முன்னால் பென்சிலால் ஒரு வரியைச் செருகினேன்: வண்டியைக் கிளப்பியவனைப் பார்த்து அவன் மனைவி யுவராணி, “எங்க போற?” என்று கேட்டாள்.

(கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து அப்படிக் கேட்கக் கூடாது. ‘பின்னால்’ என்றால் முதுகுப்பக்கம். பிற்பாடு என்றும் பொருள். நான் அவளைக் கேட்கவைத்தது இரண்டு விதத்திலும் பின்னால்தான்.)

2

யுவராணி ஆவடியில் ஒரு கல்லூரியில் குவாண்டம் இயற்பியல் நடத்துகிறாள். பிற்பாடு செய்யும் அளவீடு முன்பு நடந்ததைத் தொடுகிறது என்று சிலர் சொல்வதையும், நடந்தது மாறாது, அதைப் பற்றி நாம் சொல்லக்கூடியதுதான் மாறுகிறது என்று மற்றவர்கள் மறுப்பதையும் பதறாமல் விளக்குவாள். திருவேற்காட்டு வீட்டுக்குத் திரும்பினால், மாமியார் வேம்புலியம்மாளிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது.

“பின்னால கூப்ட்டு எங்க போறேன்னு கேட்டியே, அதான் எம்புள்ள ஊடு திரும்பல.”

பாவம், அந்த அம்மாளும் என்னைப் போலத்தான். எல்லாம் முடிந்த பிறகு காரணம் தேடியவள்.

3

யுவராணி சுவரில் சாய்ந்து விம்மி

[வேண்டாம். அவள் அப்படி அழுகிறவள் இல்லை.]

பழியை அவள் தலையில் போட்டது நான். அந்த வரியை அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். நான் கேட்ட பிறகு நடந்ததை நீங்கள் எழுதவே இல்லையே என்றாள் யுவராணி.

எழுதவில்லைதான். சகுனத்தடை என்று மகனை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பியது வேம்புலியம்மாள். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் முன்னதாகப் போயிருந்தால் அந்த லாரி

[இந்த வாக்கியத்தை வேம்புலியம்மாளால் முடிக்க முடியவில்லை. அதனால்தான் மருமகளைச் சொல்கிறாள். நானும் முடிக்கப்போவதில்லை.]

“குடிச்சிட்டு சொம்ப என் கைல குடுத்து சிரிச்சாரு. கேள்விய அழிச்சீங்கன்னா அந்த ரெண்டு நிமிசமும் பூடும். அத்தைக்கும் அதான் கடைசி.”

4

விபத்து எப்படியும் போகாது. அதைத் திங்கட்கிழமையே எழுதியாயிற்று. வரி இருந்தால் இரண்டு பெண்களும் அதைச் சுமக்க வேண்டும். அழித்தால் அவன் வீட்டுக்குள் திரும்பி வரவே மாட்டான். எனக்குக் கை வரவில்லை. ரப்பரை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். செல்வகுமார் இன்னும் தண்ணீர் குடித்து முடிக்கவில்லை.