விருந்துக்குக் கழற்றிய இரும்பு

புதுசாக எதை வாங்கினாலும் ஊருக்கு விருந்து வைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் இவானிட்சா மலைப் பக்கத்து வழக்கம். தையல் மிஷின் வாங்கினால்கூட விடமாட்டார்கள். நான் வாங்கியதோ டிராக்டர். ரோசாண்டா என்று என் கையெழுத்தைப் போட்டு, என் பெயரில் வாங்கியது. செவ்வாய்க்கிழமை வண்டி வந்து இறங்கியது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் வந்து, "எப்போ ஊத்தப்போறே?" என்று கேட்டுவிட்டது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம் இல்லை. குட்டி வண்டி. ராஸ்பெர்ரி வரிசைகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுப் போகிறது. பழைய வண்டியின் கிளட்சை மிதிக்க நான் எழுந்து நிற்க வேண்டும், இது செருப்புக் காலுக்கே அமுங்குகிறது. மேட்டுத் தோட்டத்துக்கு முனகாமல் ஏறியது. ஸீட் கல் மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் இதற்கெல்லாமா வாங்கினேன்? ஸீட்டுக்குப் பின்னால் என் தலைக்கு மேலே உயர்ந்து நின்ற மஞ்சள் இரும்பு வளைவுக்காக வாங்கினேன். வண்டி கவிழ்ந்தால் அது தரையில் ஊன்றிக்கொள்ளும். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவர் நசுங்கமாட்டார்.

பழைய வண்டியில் அது கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளம் தோப்புச் சரிவில் அது கவிழ்ந்து, என் புருஷன் மிலோய்கோ மூன்று மணி நேரம் அதன் அடியில் கிடந்தான். உயிர் தப்பியது. இடது கால் இனி மடங்காது. அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. காலையில் ரொட்டி வாங்க டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பினால், முற்றம் நிறையக் கூட்டம். வண்டி கொட்டகைக்குள் நின்றது. வளைவு வாசலில் இடிக்கிறதென்று ஐந்து நாளாக வெளியே நின்ற வண்டி அது. எப்படி உள்ளே போயிற்று?

திரும்பிப் பார்த்தேன். முற்றத்து நடுவில் என் மஞ்சள் வளைவு, இரண்டு காலும் மண்ணில் புதைந்து நின்றது. அதன் உச்சியில் சங்கிலி, சங்கிலியில் அண்டா, அண்டாவில் ஆட்டுக்கறி, கீழே நெருப்பு. பெயிண்ட் கருகிக்கொண்டிருந்தது. என் கொழுந்தன் வுகொமான் கரண்டியோடு நின்று கிண்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"வாங்க அண்ணி! அண்டா தொங்கவிடன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

"மழை வர்ற மாதிரி இருக்கு, வண்டி உள்ள போக வேண்டாமா? வாசல் தாத்தா வெச்சது, அதையா இடிக்கிறது? நம்ம ஊருல எவன் வண்டியில இது இருக்கு? இதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க சமாச்சாரம் அண்ணி."

கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டு ஸ்தாமெங்கா என் தோளைத் தட்டினாள். "கவலையே படாதே. கண்ணு படாம இருக்க நான் இந்த வளைவுல கட்டின செகப்பு நூலை அவிழ்த்து ஸ்டியரிங்ல கட்டிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டு, நூலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்!

"போல்ட்டெல்லாம் எங்க?"

மிலோய்கோ தரையைப் பார்த்தபடி சட்டைப் பையைத் தொட்டான். உள்ளே இரும்பு கலகலத்தது.

"நீயுமா?"

"வண்டி நனையுமேன்னுதான்..."

"வண்டி நனையக் கூடாது. நான் நசுங்கலாமா?"

"எல்லார் முன்னாடியும் எதுக்குக் கத்துறே? நீ மெதுவாத்தானே ஓட்டுவே. ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம்! அந்தக் காலை வைத்துக்கொண்டு சொல்கிறான்.

கொட்டகைக்குப் போய் வண்டியைக் கிளப்பி, பிளம் தோப்புச் சரிவின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டம் கிளாஸும் கையுமாகப் பின்னாலேயே வந்தது.

"வுகொமான், ஏறு. உங்க அண்ணன் கவிழ்ந்த இடத்துல குறுக்கே ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வா. நான் பயந்தாங்கொள்ளி, நீ ஆம்பளை. வந்ததும் சோறு போடுறேன்."

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று ஏறினான். மூன்று கிளாஸ் பிளம் சாராயம் உள்ளே போயிருந்தது. அது தெரிந்தேதான் ஏற்றினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. கியர் போட்டான். முன் சக்கரம் விளிம்பைத் தாண்டியது. வண்டி லேசாக இடது பக்கம் சாய்ந்தது.

"இறங்குடா! டேய், இறங்குடா!"

மிலோய்கோதான் கத்தினான். கைத்தடியை வீசிவிட்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு ஓடினான். இரண்டு வருஷமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. எட்டிச் சாவியைத் திருகி வண்டியை நிறுத்தி, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நசுங்கிச் செத்துப்போவேடா!"

வுகொமான் வெளுத்துப்போய் இறங்கினான். நான் மிலோய்கோவின் முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்குக் காலையில இதே சரிவுல நான்தான் மருந்தடிக்கப் போறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன் தம்பின்னா மட்டும் நசுங்கிடுவான், இல்ல?"

அவன் பையிலிருந்து நான்கு போல்ட்டையும் எடுத்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

"நீ கழட்டினது. நீயே மாட்டு."

அண்டாவை இறக்கி, வளைவு ஆறியதும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாட்டினார்கள். நான்கு போல்ட்டையும் நான் இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தேன். பிறகு ரம்பத்தை எடுத்துப் போய், தாத்தா வைத்த வாசலின் மேல்கட்டையை அறுத்துத் தள்ளினேன். ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. குழம்பு நன்றாக இருந்ததாம். நான் தொடவில்லை.

மறுநாள் நான் மருந்தடித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் மிலோய்கோ சரிவின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.