கார்லின் அட்டை

கழுத்து டையைச் சரிசெய்வது போல ஜூடித் சவப்பெட்டியின் மேல் குனிந்து, அப்பாவின் கோட்டுக்குள் கையை விட்டாள். உட்புறப் பை இருக்கும் இடம் தெரிந்தது. விரல் நுழையவில்லை. விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தாள். கடையில் போட்டிருந்த தையல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வெளிப்பைகளும் அப்படித்தான். ஜூன் மாதம் தம்பி கார்லின் பட்டமளிப்புக்குப் போட்டுக்கொள்வதற்காக அப்பா வாங்கி, அலமாரியில் தொங்கவிட்டிருந்த கோட்டு அது.

கார்ல் கூடத்துக்கு முதுகைக் காட்டி அவளை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அட்டை இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்கெட்டே தொறக்கல கார்ல். தச்ச நூல் அப்படியே இருக்கு."

அவன் தலையாட்டினான். பின்னால் டோலோரெஸ் அத்தை யாரிடமோ, நாளை அடக்கப் பூசைக்குப் பிறகு விருந்துக்குப் பன்றி ஹாம் போதுமா, கோழியும் சொல்ல வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூடித் அப்பாவின் கோட்டை மறுபடி நீவிவிட்டாள். துணி விறைப்பாக இருந்தது. அதற்கடியில் இருப்பதைப் பற்றி அவள் எதுவும் நினைக்கவில்லை.

அப்பா ரோமன் பியெட்ஷாக் ரொட்டி வேன் ஓட்டினார். செவ்வாய்க்கிழமை விடியலில், அபெட் தெருக் கடை வாசலில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தபடி இறந்துபோனார். பின்னால் தட்டுகளில் ரொட்டி இன்னும் சூடாக இருந்ததாம். அதை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள் என்று ஜூடித்துக்குப் புரியவில்லை.

ஆனால் இன்று கூடத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் ரொட்டிக்காரர் அல்ல, குரல். செயின்ட் பிளெய்ஸ் ஆண்கள் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில் ஒலிபெருக்கி அவருடையது. வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், பள்ளியை விட்டுப் போகிற பையன்கள் ஒவ்வொருவராகத் தாய் தகப்பனோடு மைதானத்தின் நடுவே வருவார்கள். பையனின் அம்மா கையில் ஒரு கார்னேஷன் பூ கொடுப்பார்கள். அப்போது அந்தப் பையனைப் பற்றி ஜூடித்தின் அப்பா எழுதிய அட்டையை அவரே ஒலிபெருக்கியில் படிப்பார். முழுக்கக் கேலியாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் கேலி இருக்காது. அந்தப் பையனை நான்கு வருடமாகக் கவனித்தவன் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு வரி. கன்னம் வழுவழுவென்று இருக்கும் பையன்களும், தாடி வைத்த அவர்களுடைய அப்பன்களும் அந்த வரிக்குத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

வீட்டில் அவர் அப்படி ஒரு வரியைச் சொன்னதே இல்லை.

இந்த வருடம் போகிறவர்களில் கார்லும் ஒருவன். ஆட்டம் இன்று சாயங்காலம்.

"மூணு மணிலேருந்து முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்கு," என்று செருப்பை மாற்றிக்கொண்டே சொன்னாள் அம்மா. கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. உடலைப் பார்க்க வருகிறவர்களுக்கான முதல் நேரம் முடிந்து, அடுத்தது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அடக்க இல்லத்துக்காரர் கோசிக் விளக்குகளை ஒவ்வொன்றாகத் தணித்தார். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

"பெர்னி, நிஜமாவே போறீங்களா?" என்றாள் டோலோரெஸ் அத்தை அம்மாவிடம். "என் தம்பி இங்க பெட்டியில கெடக்கறான். நீங்க பந்து வெளையாட்டுக்குப் போறீங்க. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரும் அங்கதான் போகுது டோலோரெஸ்."

"பையனுக்காவது அறிவு வேணாம்?"

"ஜூடி பொறந்தப்ப உன் தம்பி எங்க இருந்தாரு? ஆஸ்பத்திரியிலயா? மைக்கு முன்னால. நர்ஸு ஃபோன் பண்ணினப்ப, இன்னும் ரெண்டு பையனுங்க பாக்கின்னாரு." அம்மா கைப்பையை மூடினாள். "அந்த ஆளுக்காக யாரும் ஆட்டத்த நிறுத்த வேணாம்."

கோசிக் ஜூடித்தின் கையில் ஒரு சிறிய துணிப்பையைக் கொடுத்தார். கைக்கடிகாரம், ஜெபமாலை, பாதி தீர்ந்த தொண்டை மிட்டாய் டப்பா.

"அன்னிக்குப் போட்டிருந்த சட்டைப்பையில இருந்தது. நான் எல்லாப் பையும் பாத்துட்டேன்மா," என்றார் தாழ்ந்த குரலில். அவள் கோட்டுக்குள் கைவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். "எனக்கும் எழுதினாரு உங்கப்பா. அப்ப அவரு புதுசு. நானும் தேடியிருப்பேன்."

காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். கார்ல் பின்சீட்டில் கறுப்புப் பேண்ட்டைக் கழற்றிச் சீருடைக்கு மாறினான். முழங்கை கதவில் இடித்தது. ஜூடித் ஓட்டினாள். மற்ற பையன்களின் அட்டைகள் ரப்பர் வளையத்தில் அவள் மடியில் இருந்தன. ரொட்டி வேனில், ரசீதுகள் வைக்கும் இடத்தில், கம்பெனிக்காரர்கள் கண்டெடுத்துக் கொடுத்தவை. அப்பா அகர வரிசைப்படி அடுக்கியிருந்தார். பியெட்ஷாக் என்று ஒன்று இல்லை. வீட்டு மேசை, காரின் வெயில் மறைப்பு, குளிர்காலக் கோட்டு, ஜெபப் புத்தகம், எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"போன வாரம் காலையில கேட்டேன்," என்றான் கார்ல், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "எனக்கு எழுதிட்டியான்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒனக்கு என்னடா எழுதறது, நாலு வருஷமா பெஞ்சு எப்படி இருந்துச்சுன்னு எழுதட்டுமான்னாரு."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்கிட்ட எப்பவும் அப்படித்தானே பேசுவாரு," என்றாள் ஜூடித்.

"தெரியும்." நாடாவைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். "எழுதறதுக்குள்ள போயிட்டாரா, இல்ல எழுத ஒண்ணும் இல்லயா. அது ஒண்ணுதான் தெரியணும்."

அவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை. அது அவனுக்கும் தெரியும். முதல் வருடமே விட்டிருக்கலாம். பெஞ்சில் உட்காரவும் தண்ணீர் சுமக்கவும் நான்கு வருடம் எதற்காகப் போனான் என்று ஜூடித் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"நான் ஏதாவது ரெண்டு வரி..."

"வேணாம். நீ எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும்."

மைதானத்தில் ஏரிக்காற்று வீசியது. மே மாதத்திலும் எல்லோரும் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். கோச் டூஹி தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார்.

"பெர்னி, மழையால ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப்போச்சு, எதிர் ஸ்கூல்காரங்க இன்னிக்கு விட்டா..."

"கோச், நான் எதுவும் கேக்கலயே."

"அட்டைங்கள ஃபாதர் ஹீலி படிக்கிறேன்னாரு."

"ஜூடி படிப்பா," என்றாள் அம்மா. அதை அவள் ஜூடித்திடம் முன்பே சொல்லியிருக்கவில்லை.

ஒலிபெருக்கி அறை என்பது பலகைகளால் அடித்த ஒரு கூண்டுதான். ஏணியில் ஏற வேண்டும். சிறு வயதில் ஜூடித் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்த இடம். நாற்காலியில் அவருடைய மெத்தை இருந்தது. நடுவில் பள்ளம். அவள் அதன்மேல் உட்கார்ந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். அப்பா மிட்டாய் இல்லாமல் மைக்கைத் தொட மாட்டார். அது பல்லில் முட்டும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கும். ரோமனின் கடைவாய் பேசுது என்று பையன்கள் கத்துவார்கள். தொண்டையைக் காக்க நம்ம ஸ்கூல் புனிதர் பிளெய்ஸ் இருக்கும்போது மிட்டாய் எதுக்கு என்று ஃபாதர் ஹீலி ஒருமுறை கேட்டதற்கு, அவருக்கு லீவு கொடுக்கிறேன் ஃபாதர் என்றாராம்.

பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் மைக் பேசும். அவள் அழுத்தினாள். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"எண் நாலு. டெர்மட் ஃபால்வி. இந்த வருடம் இவன் பிடித்த பந்துகளைவிடத் தவறவிட்ட பஸ்கள் அதிகம். இவனுடைய அம்மா பள்ளிக்குக் கார் ஓட்டிய தூரத்தில் கலிஃபோர்னியா போய்த் திரும்பியிருக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. பாதியில், சிரிக்கலாமா என்று நின்றது. பிறகு தொடர்ந்தது.

"பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் இவன் எங்கே இருந்தான் என்று நான் ரொட்டி போடும்போது பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கண் தெரியாதவரை முனை வரை கூட்டிப்போவான்."

டெர்மட்டின் அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது போல.

ஜூடித் அடுத்ததைப் படித்தாள். அதற்கடுத்ததையும். பள்ளி விழாவில் மூன்று பெண்களை ஒரே நேரத்தில் நடனத்துக்கு அழைத்து, மூவரிடமும் மாட்டிக்கொண்டவன். பாவசங்கீர்த்தன வரிசையில் எப்போதும் கடைசியாக நிற்பவன். பாவங்களின் பட்டியல் நீளம் என்று நினைத்திருப்பீர்கள், முழங்கால் வலிக்கிற கிழவர்களை முன்னால் விடுகிறான். அட்டைகளில் அப்பாவின் எழுத்து சாய்ந்து, வேன் குலுங்கிய இடங்களில் கோணியிருந்தது. குரல் அவளுடையது. சொல்கிறவள் வேறு யாரோ போல இருந்தது. ஒவ்வொரு அட்டையையும் படித்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு கையில் எதுவும் இல்லை.

கீழே கார்லும் அம்மாவும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா சவப்பார்வைக்குப் போட்ட கறுப்பு உடையிலேயே இருந்தாள். அவளுடைய குதிகால் மண்ணில் புதைந்தது. கார்லின் மறுபக்கத்தில், அப்பா நடக்க வேண்டிய இடத்தில், ஒருவர் நடக்கும் அளவுக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். அதைத் திட்டமிட்டார்களா என்று தெரியவில்லை. யாரோ பூவை நீட்டினார்கள். கார்ல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூடித் பொத்தானை அழுத்தினாள்.

"எண் முப்பத்தொன்று. கார்ல் பியெட்ஷாக். பெர்னடெட், ரோமன் பியெட்ஷாக் தம்பதியின் மகன்."

அவ்வளவுதான் இருந்தது. விரலை எடுத்துவிட்டால் ஒலிபெருக்கி அணைந்துவிடும், கைதட்டிவிடுவார்கள், அவன் நடந்து போய்விடுவான். அவள் விரலை எடுக்கவில்லை. ஒலிபெருக்கி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. யாரும் கைதட்டவில்லை. போர்வைகள் காற்றில் படபடத்தன. எதிரணிப் பையன்களும் எழுந்து நின்றார்கள்.

வாயில் மிட்டாய் நழுவியது. பல்லில் முட்டியது. அந்தச் சத்தம் மைதானத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் கேட்டது.

கார்ல் தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தான்.

அவள் மிட்டாயை ஒதுக்கிக்கொள்ளவில்லை. அது மறுபடி முட்டியது. கார்ல் தொப்பியைக் கழற்றி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காதுகள் சிவக்க, அட்டை படித்து முடியும்வரை பையன்கள் நிற்கிற மாதிரி நின்றான்.