அரக்கு நிறப் பட்டு

குனோங் ராபாட் ஊரில் தன் வீட்டின் முன்னறையில் சாந்தினி நேரலையில் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். கைப்பேசித் திரையில் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் வருவார்கள். யாரோ அவளுடைய படங்களைத் திருடி, அவள் கடைப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டிப் போலிப் பக்கம் தொடங்கியிருந்தார்கள். ஏமாந்தவர்கள் சாந்தினியைத்தான் திருடி என்று எழுதினார்கள்.

அரக்கு நிறப் பட்டை விரித்தபோது, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, நான் வீரம்மா. சுங்கை சிப்புட்லேருந்து வாரேன். மக கல்யாணத்துக்கு இந்தச் சேலைதான் கேட்டேன். மூணு வாரமாச்சு, வரலை."

சாந்தினிக்கு உடனே புரிந்துவிட்டது. நேரலையை நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். நிறுத்தவில்லை.

"உள்ள வாங்கக்கா. இப்படி வெளிச்சத்துல நில்லுங்க. யாரு பேருக்குக் காசு போட்டீங்க?"

"ஆம்பளைப் பேரு வந்துச்சு. உங்க வீட்டுக்காரருன்னு நெனச்சேன்."

"எனக்கு வீட்டுக்காரரே இல்லையேக்கா."

திரையில் சிரிக்கும் முகக்குறிகள் வரிசையாக மிதந்தன. சாந்தினி ஓரக்கண்ணால் பார்த்தாள். அறுநூறு பேர்.

"அப்புறம் என்னாச்சு?"

"பார்சலை உறுதி பண்ணணும்னு போன் வந்துச்சு. பேங்க்லேருந்து வந்த ஆறு நம்பரைக் கேட்டான். சொன்னேன்."

"சொன்னதும்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்."

"யாருக்கு?" என்று திரும்பிய வீரம்மா அப்போதுதான் கைப்பேசியைக் கண்டாள். முந்தானை இல்லாத சீருடையில் எதை இழுத்து முகத்தை மூடுவதென்று தெரியாமல் கை மார்பருகே தடுமாறியது. "மண்டபத்துக்கு வச்சிருந்ததெல்லாம் போச்சு," என்றாள், தரையைப் பார்த்து.

சாந்தினி திரையை நோக்கிக் குனிந்தாள். "பாத்தீங்களா? கடைப் பேரை எழுத்தெழுத்தா பாருங்க. பணம் போகிற பேரு என் கம்பெனி பேரான்னு பாருங்க. பேங்க் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும். இல்லன்னா இந்த அக்கா மாதிரி நிக்கணும் லா."

அந்த ஒரு மணி நேரத்தில் பதினான்கு சேலைகள் போயின. அரக்குப் பட்டைக் கோலா கங்சார் ஊரிலிருந்து பார்த்த ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அதன் கரையை வீரம்மா விரல்களால் பிடித்திருந்தாள். சாந்தினி மெதுவாக உருவிக்கொண்டாள்.

"போலிஸ்ல சொல்லுங்கக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

மறுநாள் அந்தக் காட்சியை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். திருடி என்று எழுதியவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். மத்தியானம் வீரம்மாவின் மகள் தினேஸ்வரி அழைத்தாள்.

"அக்கா, அந்த வீடியோவை எடுத்துடுங்க. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. பேக்டரியில அம்மாவை ஆறு நம்பருன்னு கூப்பிடுறாங்க."

"உங்க அம்மாவால எத்தனை பேரு தப்பிச்சாங்க தெரியுமாம்மா? எடுக்க முடியாது. வேணும்னா ஒண்ணு பண்றேன். அதே சேலையில இன்னொண்ணு இருக்கு, சும்மாவே தாரேன். வீடியோ இருக்கட்டும்."

தினேஸ்வரி அழுகிறாள் என்று சாந்தினிக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். மறுமுனையில் கைப்பேசி கைமாறியது.

"தங்கச்சி," என்றது வீரம்மாவின் குரல், "அதே கலருதானே?"

"அதே கலருதான்."

"சரி. இருக்கட்டும்."

சாந்தினி உள்ளறைக்குப் போய், ஜரிகை பிரிந்ததால் விலைபோகாமல் கிடந்த அரக்குப் பட்டைத் தேடி எடுத்தாள். பிரிந்த இடம் உள்ளே போகும்படி மடித்து, பார்சலில் வைத்து ஒட்டினாள். பார்சலைப் பிரிக்கும்போது அம்மாவை வீடியோ எடுத்து அனுப்பும்படி தினேஸ்வரிக்குச் செய்தி போட்டாள்.